அடுப்பங்கரையும் மதுக்கடையும்

1

ஐரிஷ் ஸங்கீதம் என்றதும் இன்று பலருக்கும் மனசில் எழுகிற காட்சி ஒன்றுதான். ஒரு மதுக்கடை. மூலையில் ஒரு மேஜை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இரண்டு பிடில், ஒரு மரக்குழல், ஒரு அக்கார்டியன், ஒரு பாஞ்ஜோ. யாரோ ஒருவர் ஆரம்பிக்கிறார். அடுத்த சுற்று வருவதற்குள் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டு. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. கேட்பவர்களைப் பார்த்து யாரும் உட்காருவதில்லை. மேஜையைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து உட்காருகிறார்கள். இதற்கு ஸெஷன் என்று பெயர். பாஸ்டனிலும் மெல்போர்னிலும் டோக்கியோவிலும் இது நடக்கிறது. சுற்றுலாப் பிரசுரங்கள் இந்தக் காட்சியைப் படம் பிடித்துப் போட்டு, தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்று கீழே எழுதிவிடுகின்றன.

இது வாஸ்தவமல்ல. அந்த மேஜையில் வாசிக்கப்படும் மெட்டுகளில் பல பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அந்த மேஜை அவ்வளவு பழசல்ல. முன்பின் தெரியாதவர்கள் ஒரு மதுக்கடையில் கூடி, யாரும் ஆடாதபோது, ஆட்டத்துக்கான இசையை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாடு 1940களின் பிற்பாதியில் லண்டனில் உருவாயிற்று. பிடித்தமான இந்த மரபைத் தாய்நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பவில்லை. பிள்ளைகள் வெளியூரில் வேறு வழியில்லாமல் உண்டாக்கிக்கொண்டது, பிறகு ஊருக்கு வந்து சேர்ந்தது.

மரபு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் போடுகிற சண்டைகளில், ஒரு கட்சி அதைப் பெட்டியில் பூட்டி வைத்த நகையாகவும், மறு கட்சி கழற்றி எறிய வேண்டிய விலங்காகவும் நினைக்கிறது. இரண்டுமே அது ஏற்கனவே முழுசாக இருக்கிறது என்று நம்புகின்றன. ஐரிஷ்காரர்களின் கதை அப்படி இல்லை என்பதால்தான் அதை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

முதலில் அடுப்பங்கரை. அயர்லாந்தின் கிராமத்து வீட்டில் பெரிய அறை அதுதான். நெருப்பு எரிகிற அந்த அறையில், குளிர்கால ராத்திரிகளில், அக்கம்பக்கத்தார் வந்து கூடுவார்கள். ஒரு பிடில்காரர், அல்லது துருத்தியை முழங்கையால் அழுத்தி வாசிக்கும் பைப்பர் ஒருவர், ஓரமாக உட்கார்ந்திருப்பார். நடுவில் ஆட்டம். கிழவர்கள், குழந்தைகள், பெண்கள் எல்லோரும் இருப்பார்கள். வாசிப்பவர் பெரும்பாலும் ஒருவரே, மிஞ்சினால் இருவர். அவருக்கு வேலை, ஆடுகிறவர்களின் கால்களைத் தாங்கிப் பிடிப்பது.

ரீல், ஜிக் என்ற இந்த மெட்டுகளின் உருவமே இதிலிருந்து வந்தது. எட்டு அளவு கொண்ட ஒரு பகுதி, அதை இரண்டு தடவை. எட்டு அளவு கொண்ட இன்னொரு பகுதி, அதையும் இரண்டு தடவை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் நிற்கும்வரை சுற்ற வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்ட சக்கரம் இது. வாசிப்பவரின் கற்பனை இந்தச் சக்கரத்துக்குள்ளேயே இயங்க வேண்டும். ஒரு ஸ்வரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு சுழிப்பு, வில்லை இழுக்கும் விதத்தில் ஒரு மாற்றம், இவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும் இடம். அதனால்தான் ஸ்லைகோவின் பிடில் வேறு, கிளேர் வேறு, டானகால் வேறு. பத்து மைல் தள்ளிப் போனால் கை மாறிவிடும்.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 82 லட்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பஞ்சம் 1849 வரை நீடித்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கப்பலேறிப் போனார்கள். 1851இல் எண்ணிக்கை சுமார் 65 லட்சமாகிவிட்டது. பஞ்சம் முடிந்த பிறகும் போவது நிற்கவில்லை. போகிறவனுக்கு முந்தின ராத்திரி அதே அடுப்பங்கரையில் ஒரு கூட்டம் நடக்கும். செத்தவர் வீட்டில் பிணத்தோடு விழித்திருக்கும் சடங்குக்கு என்ன பெயரோ அதையே முன்னால் 'அமெரிக்க' என்ற சொல்லைச் சேர்த்து இதற்கும் வைத்தார்கள். விடியும்வரை ஆட்டமும் பாட்டும். நடுநடுவே ஒப்பாரி. விடிந்ததும் ஊர் எல்லை வரை கூட நடந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புவார்கள். திரும்பி வரப்போவதில்லை என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

ஆக, கடைசியாகக் கேட்ட ஸங்கீதம் என்பது அவர்கள் பலருக்கும் உயிரோடு இருக்கும்போதே தங்களுக்கு நடந்த சாவுச் சடங்கின் ஸங்கீதம். பிற்பாடு வெளியூரில் அவர்கள் இந்த இசையோடு கொண்ட உறவில் கூடும் மிகையுணர்ச்சியை நாம் கேலி செய்வதற்கு முன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

3

பஞ்சத்தின் கடைசிக் கட்டத்தில், 1848இல், கார்க் மாவட்டத்தில் டிராலிபேன் என்ற ஊரில் பிறந்தவர் பிரான்ஸிஸ் ஓநீல். பதினாறு வயசில் வீட்டை விட்டுக் கப்பலுக்கு ஓடிப்போனார். பசிபிக்கில் பேக்கர் தீவில் கப்பல் உடைந்தது. காப்பாற்றி ஏற்றிக்கொண்ட கப்பலில் ரேஷன் மிகக் குறைவு. அந்தக் கப்பலின் தீவுக்கார மாலுமி ஒருவனிடம் ஒரு புல்லாங்குழல் இருந்தது. ஓநீல் அதை வாங்கித் தன் ஊர் மெட்டுகளை வாசித்தார். அவன் தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தான். மற்றவர்கள் இளைத்துக் கரை சேர்ந்தபோது தான் தெம்போடு இறங்கியதாக ஓநீல் பின்னால் எழுதினார். கலையின் பயன் குறித்து எவ்வளவோ தத்துவம் படித்திருக்கிறோம். இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1873இல் அவர் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு திருடன் சுட்டான். முதுகெலும்பின் அருகே தங்கிய அந்தக் குண்டோடு ஆயுள் முழுக்க இருந்தார். 1901இலிருந்து 1905 வரை சிகாகோ நகரப் போலீஸின் தலைமை அதிகாரி. இதன் நடுவே அவர் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். அம்மா முணுமுணுத்தவை, வழிப்போக்கப் பைப்பர்கள் வாசித்தவை என்று தலைக்குள் சேர்ந்திருந்த நூற்றுக்கணக்கான மெட்டுகள் தன்னோடு அழிந்துவிடும் என்ற பயம் அவருக்கு வந்தது. ஆனால் அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. அதே போலீஸில் ஜேம்ஸ் ஓநீல் என்று ஒருவர் இருந்தார். பெயர் ஒன்றே தவிர உறவில்லை. இவர் தெற்கு, அவர் வடக்கு. அவருக்குப் பிடிலும் தெரியும், எழுதவும் தெரியும். பிரான்ஸிஸ் குழலில் வாசிப்பார், அல்லது வாயால் சொல்வார். ஜேம்ஸ் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுவார்.

இது பரவியது. சிகாகோவுக்கு அயர்லாந்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஊரில் இருந்திருந்தால் ஒரு கார்க்காரன் ஒரு டானகால்காரனின் வாசிப்பை வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டான். இங்கே ஒரே தெருவில் கேட்டான். நல்ல வாசிப்புக்காரர்கள் பலருக்கு ஓநீல் போலீஸ் வேலை வாங்கிக் கொடுத்தார் என்பது அந்த ஊரில் பேச்சாகவே இருந்தது. 1903இல் வெளிவந்த தொகுப்பில் 1,850 மெட்டுகள். 1907இல் ஆட்ட மெட்டுகள் மட்டும் 1,001 கொண்ட இன்னொன்று. இசைக்காரர்கள் இதையே 'புஸ்தகம்' என்று சொல்லும் அளவுக்கு அது பைபிளாகிவிட்டது. 1910இலும் 1913இலும் இசையைப் பற்றியும் இசைக்காரர்களைப் பற்றியும் இரண்டு பெரிய உரைநடை நூல்கள்.

இதில் லாபம் ஏதுமில்லை. 1904இல் மகன் ராஜர்ஸ் இறந்தபின் அவருடைய வீட்டில் இசை ஓய்ந்துபோயிற்று. 1906இல் அயர்லாந்து போனார். தான் பிள்ளைப் பிராயத்தில் கேட்டது அங்கே அருகிப்போயிருந்ததைக் கண்டு ஏமாற்றத்தோடு திரும்பினார். 1931இல் தன் நூலகத்தை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, 1936இல் இறந்தார்.

அச்சு என்ன செய்தது? சக்கரத்தின் எலும்புக்கூட்டை எழுதியது; சுழிப்புகளை விட்டுவிட்டது. ஊருக்கு ஊர் மாறிய ஒரு மெட்டுக்கு ஒரு பெயரும் ஒரு உருவமும் கிடைத்தன. இது நஷ்டம்தான். ஓநீல் இதை அறியாதவரல்ல என்பதற்கு அத்தாட்சி, அவர் எடிஸன் இயந்திரத்தில் மெழுகு உருளைகளில் வாசிப்பைப் பதிவு செய்துவைத்தது. அவற்றில் சில நூறு வருஷம் கழித்து மில்வாக்கியில் ஒரு குடும்பத்தின் வசம் கிடைத்தன. எழுதியதில் வராதது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

4

அந்த உருளைகளில் கேட்கும் பைப்பர்களில் பெரியவர் பாட்ஸி டூஹி. கால்வேயில் பிறந்து சிறுவயசிலேயே அமெரிக்கா வந்தவர். பிழைப்புக்கு அவர் நம்பியது வாடவில் நாடக மேடை. அங்கே ஐரிஷ்காரன் என்றால் குடித்துவிட்டு உளறும் கோமாளி. அந்தக் கோமாளி வேஷக் காட்சிகளுக்கு நடுவேதான் டூஹி தன் பைப்பை எடுத்து வாசிப்பார். 1901 வாக்கில், மெழுகு உருளைகளில் தானே பதிவு செய்து தபாலில் விற்பதாக விளம்பரமும் செய்தார். தன் இனத்தைப் பரிகசிக்கிற மேடையில் நின்று அந்த இனத்தின் ஆக நுட்பமான கலையை வாசித்த மனிதரின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு நாவலாசிரியன்தான் எழுத வேண்டும்.

1916இல் நியூயார்க்கில் எல்லன் ஓபைர்ன் டிவிட் என்ற கடைக்காரப் பெண்மணி கொலம்பியா கம்பெனிக்குப் போய், ஐரிஷ் ஆட்ட இசையைத் தட்டாகப் போடுங்கள், 500 பிரதி நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அக்கார்டியனும் பாஞ்ஜோவும் வாசிக்க இருவரைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தட்டு விற்றுத் தீர்ந்தது. கம்பெனிகள் விழித்துக்கொண்டன.

ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்து 1914இல் அமெரிக்கா வந்த மைக்கேல் கோல்மன் 1921இலிருந்து 1936 வரை ஏறத்தாழ 80 பக்கங்கள் பதிவு செய்தார். வேகம், துல்லியம், ஒவ்வொரு சுற்றிலும் மெட்டை லேசாகத் திருப்பிக் காட்டும் கற்பனை எல்லாமே அசாதாரணமானவை. பின்னால் பியானோ வாசித்தவர்களில் சிலருக்கு அந்த இசை பிடிபடவே இல்லை என்பது கேட்டாலே தெரிகிறது; அவர்களையும் இழுத்துக்கொண்டு பிடில் ஓடுகிறது. 1934இல் அவர் 'தி டார்போல்டன்', 'தி லாங்ஃபோர்ட் கலெக்டர்', 'தி ஸெய்லர்ஸ் பானெட்' என்ற மூன்று ரீல்களைத் தொடர்ச்சியாக வாசித்தார். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும். இன்றும் உலகத்தின் எந்த மூலையிலும் முதல் ரீல் ஆரம்பித்தால் மற்ற இரண்டும் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. ஒரு தட்டின் அகலம் ஒரு மரபாகிவிட்டது.

நான் வங்கியில் வரவு எழுதிப் பிழைப்பவன். வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணம் ஒரு குடும்பத்தின் நடையுடையை எப்படி மாற்றுகிறது என்பது எனக்குப் பழக்கமான விஷயம். அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கு டாலரோடு கிராமபோன்களும் இந்தத் தட்டுகளும் போயின. ஒரு கிராமத்தில் ஒரு வீட்டில் தட்டு வந்தால் ஊரே கூடிக் கேட்டது. தட்டில் கேட்டது நம் இசைதான், ஆனால் நம்மில் யாரையும்விட நன்றாக வாசிக்கப்பட்டது. விளைவு இரண்டு. பிள்ளைகள் உற்சாகத்தோடு கோல்மனைப் போல வாசிக்கப் பழகினார்கள். பல மாவட்டங்களில் பெரியவர்கள் தங்கள் கை இனி எதற்கு என்று பிடிலைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். ஸ்லைகோவின் கை தேசத்தின் கையாயிற்று. கோல்மன் 1945இல் நியூயார்க்கில் இறந்தார்.

வெளியேறிப் போனவனின் குரல் திரும்பி வந்து, ஊரில் இருந்தவனின் வாயை அடைத்தது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கோல்மனை வாசிக்காதே என்று யார் சொல்வது? ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவது நேர்மையல்ல.

5

1935இல் ஐரிஷ் அரசு பொது நடன மண்டபச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜனங்கள் கூடி ஆட லைசென்ஸ் வேண்டும் என்றது சட்டம். அது குறி வைத்தது மண்டபங்களை. ஆனால் பாதிரிமார்களும் போலீஸும் பல ஊர்களில் அதை வீட்டு ஆட்டங்களின் மேலும் பிரயோகித்தார்கள். அடுப்பங்கரை ஆறத் தொடங்கியது. வெளிநாட்டு ஆட்சியில் பிழைத்த ஒரு வழக்கத்துக்குச் சொந்த நாட்டின் ஒழுக்கக் கவலை பெரிய அடி கொடுத்தது.

யுத்தத்துக்குப் பிறகு மறுபடி கப்பல். இந்தத் தடவை பக்கத்தில். 1951க்கும் 1961க்கும் நடுவே அந்தச் சின்ன தேசம் வெளியேற்றத்தில் இழந்தது சுமார் 4 லட்சம் பேரை. அவர்களில் பெரும்பாலோர் போனது பிரிட்டனுக்கு. யுத்தம் இடித்த லண்டனைக் கட்டவும், ரோடு போடவும், ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருக்கவும் ஆள் தேவையாக இருந்தது. தங்கியது வாடகை அறைகளில். ஓர் அறையில் மூன்று நான்கு பேர். அங்கே பிடிலை எடுத்தால் வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். நாலு பேரை அழைத்து உட்கார வைக்க அடுப்பங்கரை கிடையாது.

மதுக்கடைக்குப் போனது இதனால்தான். 1946–47ஐ ஒட்டிக் கெண்டிஷ் டவுனில் டெவன்ஷயர் ஆர்ம்ஸ் என்ற கடையில் இது தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1950களில் கேம்டன் டவுனின் பெட்ஃபோர்ட் ஆர்ம்ஸில் ஸ்லைகோ பிடில்காரர் மைக்கேல் கோர்மனும், கார்க்கிலிருந்து வந்த தெருப்பாடகி மார்கரெட் பாரியும். கிளேரிலிருந்து பாபி கேஸி. தச்சு வேலைக்கு வந்த பைப்பர் வில்லி கிளான்ஸி. இவர்களில் பலர் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒருவருடைய ஊர் மெட்டு இன்னொருவருக்குத் தெரியாது. பிறகு எதைச் சேர்ந்து வாசிப்பது? இந்த இடத்தில்தான் பழைய செலவுகள் பலன் கொடுக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தவை இரண்டு: சிகாகோ போலீஸ்காரரின் புஸ்தகத்தில் இருந்தவை, நியூயார்க் தட்டுகளில் கேட்டவை. வட்டார வழக்குகளை மழுக்கிய அதே இரண்டு காரியங்கள்தான் வட்டாரங்களை இழந்தவர்களுக்கு ஒரு பொது பாஷை கொடுத்தன.

கடைக்குள் ஆட இடமில்லை. ஆட்டம் கழன்று போயிற்று. கால்களைத் தாங்குவதற்காக இருந்த மெட்டு முதல் முறையாகக் காதுக்கு மட்டுமாக ஆயிற்று. ஒருவர் வாசித்தது பலர் சேர்ந்து வாசிப்பதாயிற்று. சிறிய நுணுக்கங்கள் கூட்டத்தில் அமுங்கின; பதிலுக்கு வேறொன்று வந்தது. பக்கத்தில் இருப்பவனின் வில் எங்கே திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே தன் வில்லைத் திருப்புவது. அடுப்பங்கரையில் இருந்த கிழவர்களும் குழந்தைகளும் இங்கே இல்லை. பெண்களும் குறைவு, கால்வேயிலிருந்து நர்ஸாக வந்த லூஸி ஃபார், கெர்ரியின் ஜூலியா கிளிஃபோர்ட் போன்ற சிலர் தங்கள் பிடிலால் அந்த ஆண்கள் மேஜையில் இடம் பிடித்தார்கள்.

அதே காலத்தில், 1951இல், முல்லிங்கரில் கோல்டஸ் என்ற இசைக்காரர்களின் சங்கம் தொடங்கியது. வருஷா வருஷம் விழா நடத்தியது. போட்டிகளுக்கு வந்தவர்கள் போட்டி முடிந்ததும் தெருவிலும் மதுக்கடையிலும் கூடி வாசித்தார்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அது ஏற்கனவே பழக்கம். கிளான்ஸி 1957இல் ஊருக்குத் திரும்பினார். 1960களில் டப்ளின் கடைகளில் ஸெஷன் சகஜமாகிவிட்டது. 1973இல் கிளான்ஸி இறந்தார். அந்த வருஷமே மில்டவுன் மல்பேயில் அவர் பெயரில் கோடைப் பள்ளி ஆரம்பித்தது. அங்கே போகிற இளைஞன், மதுக்கடை மேஜையைத் தன் முப்பாட்டன் உட்கார்ந்த இடம் என்றே நம்பி உட்காருகிறான்.

6

ஜாய்ஸ் 1904இல் அயர்லாந்தை விட்டுப் போனவர். டப்ளினைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. அவருடைய 'தி டெட்' கதையில் ஒரு விருந்து, பாட்டு, ஆட்டம். முடிவில் மேற்கத்திக் கிராமத்துப் பழம் பாட்டு ஒன்று ஒரு பெண்ணின் ஞாபகத்தைக் கிளறி, கணவனை அவனுடைய இடத்தில் நிறுத்துகிறது. அந்தப் பாட்டு அவளுக்கு அனுபவம். அவனுக்கு அதுவரை அது காட்சி. நாஸ்டால்ஜியாவுக்கும் மரபுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நாஸ்டால்ஜியாவுக்கு ஒரு காட்சி போதும். அது எதையும் கற்றுக்கொள்ளச் சொல்வதில்லை. மரபுக்கோ இன்னொருவன் வாசிப்பதைக் கேட்டு, தப்பு செய்து, திருத்திக்கொண்டு சேர வேண்டியிருக்கிறது. எலியட்டும் மரபை உழைத்துப் பெற வேண்டியது என்றுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன உழைப்பு தனியறையில் புஸ்தகங்களோடு நடப்பது. இவர்கள் உழைத்தது முழங்கை இடிக்கிற நெருக்கத்தில்.

ஓநீலின் அச்சு, கோல்மனின் தட்டு, லண்டன் வாடகை அறை மூன்றும் அந்த இசைக்குச் செய்த சேதம் உண்மையானது. சுவரில் மாட்டப்பட்ட பிடில்களில் இருந்த கை திரும்பக் கிடைக்காது. அதை மறைத்துவிட்டு, 'மரபு வாழ்கிறது' என்று விழா எடுப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அதே சமயம், சேதத்தை மட்டும் பட்டியல் போட்டு, அசல் செத்துவிட்டது என்று கையை உதறுகிற தூய்மைவாதிகளும் எனக்குச் சரியாகப் படவில்லை. அசல் என்று அவர்கள் சொல்லும் அடுப்பங்கரையில் பிடிலே ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த வாத்தியம்தான்.

1968இல் லண்டனில் ஒரு தட்டு வந்தது. 'பாடி இன் த ஸ்மோக்' என்று பெயர். பாடி என்றால் ஐரிஷ்காரன், கொஞ்சம் இளக்காரமாக. புகை என்றால் லண்டன். ஹாலோவேயில் தி ஃபேவரிட் என்ற கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஸெஷன்களைக் கடைக்குள்ளேயே பதிவு செய்தது. பியானோவில் உட்கார்ந்திருப்பவர் ரெக் ஹால். ஆங்கிலேயர். லண்டன் ஐரிஷ் இசையின் வரலாற்றைப் பின்னால் ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். அந்தக் கடை இப்போது இல்லை. வாசித்தவர்கள் வாரம் பூராவும் கட்டட வேலை, ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர்கள். அந்நாளில் ஞாயிறு மதியம் கடை திறந்திருந்தது இரண்டு மணி நேரம். கேட்டவர்கள் அவர்களைப் போன்றவர்களே. பாதிப் பேர் அடுத்த வாரம் தாங்களும் வாசிக்கக்கூடியவர்கள்.

தட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. யாரோ ஒருவர் ஒரு ரீலை ஆரம்பித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை தனியாகப் போகிறார். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நாம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அந்தச் சில விநாடிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.